மயக்க மருந்து மூளையைக் காப்பாற்றுமா?

ஐசியூ வாசலில் காத்திருக்கும் குடும்பங்களிடம் இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழும். "மூளைக்கு ரெஸ்ட் கொடுக்கத்தான் மயக்கத்துல வச்சிருக்காங்க, அதுவே சரியாயிடும்" என்பது ஒன்று. "மயக்க மருந்து கொடுத்துக் கொடுத்தே மூளையைக் கெடுத்துட்டாங்க" என்பது இன்னொன்று. ஒரே குடும்பத்தில், ஒரே நாளில் இரண்டையும் கேட்கலாம்.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதைவிடக் கூடுதலாகத் தவறு இருக்கிறது. ஆக்சிஜன் கிடைக்காத மூளையை மயக்க மருந்து காப்பாற்றும் என்ற எண்ணத்துக்குப் பின்னால் பல பத்தாண்டு ஆய்வு உண்டு. அதில் பெரிய நம்பிக்கைகளும் பெரிய ஏமாற்றங்களும் உண்டு. எது எங்கே பலித்தது, எது எதனால் பலிக்கவில்லை என்று தெரிந்துகொண்டால், மருத்துவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் சரியான கேள்வியைக் கேட்கவும் முடியும்.

மூளையின் ஆக்சிஜன் செலவு

வளர்ந்த ஒருவரின் மூளை சுமார் 1.4 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா படுத்திருக்கும் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்கே போகிறது. நிமிடத்துக்கு சுமார் 50 மில்லிலிட்டர். தசைக்கு ஆக்சிஜன் குறைந்தால் சேமிப்பை வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டிவிடும். மூளையிடம் அப்படிச் சேமிப்பு எதுவும் கிட்டத்தட்ட இல்லை.

அதனால்தான் எல்லாம் இவ்வளவு வேகமாக நடக்கிறது. இதயம் நின்று ரத்த ஓட்டம் முழுக்க அறுந்தால் சுமார் 10 நொடியில் நினைவு தப்பும். 15, 20 நொடிக்குள் இஇஜி நேர்கோடாகிவிடும். இஇஜி என்பது தலையில் ஒட்டிய கம்பிகள் வழியாக மூளையின் மின் துடிப்பை வரைந்து காட்டும் பதிவு. 4, 5 நிமிடம் தாண்டினால், சாதாரண உடல் வெப்பத்தில், திரும்பப் பெற முடியாத சேதம் ஆரம்பிக்கும்.

மூளையின் இந்தச் செலவு இரண்டு கணக்கில் போகிறது. சுமார் 60 சதவீதம் நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்புவதற்கு. மீதி 40 சதவீதம் செல் உயிரோடு இருப்பதற்கு, அதாவது பராமரிப்புக்கு.

வீட்டில் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது நாம் என்ன செய்வோம்? டிவியை நிறுத்துவோம், ஆளில்லாத அறையில் ஃபேனையும் லைட்டையும் அணைப்போம். பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். மயக்க மருந்து மூளைக்குள் செய்வது ஏறக்குறைய இதைத்தான். சமிக்ஞை என்ற 60 சதவீதச் செலவை அது நிறுத்துகிறது. பராமரிப்பு என்ற 40 சதவீதத்தின் மேல் அதற்கு அதிகாரம் இல்லை. வெளியிலிருந்து கரண்டைக் கொண்டுவரவும் அதனால் முடியாது. வீடு ஏற்கெனவே முழுக்க இருண்டுவிட்டால், அதற்குப் பிறகு போய் ஸ்விட்சுகளை அணைப்பதில் எந்தப் பயனும் இல்லை. கடைசியாகச் சொன்ன இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒரு பெரிய தோல்விக்குக் காரணம் அதுதான்.

ஆக்சிஜன் நின்றால் செல்லுக்குள் நடப்பது

முதலில் இரண்டு சொற்கள். ரத்தம் ஓடுகிறது, ஆனால் அதில் ஆக்சிஜன் போதவில்லை என்றால் அது ஹைபாக்சியா. ரத்தமே போய்ச் சேரவில்லை என்றால் இஸ்கீமியா. இரண்டாவதுதான் மோசம். ஆக்சிஜனோடு சர்க்கரையும் வராது, கழிவும் வெளியே போகாது.

செல்கள் தங்கள் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு ஏடிபி. ஆக்சிஜன் நின்றதும் ஏடிபி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஒவ்வொரு நரம்பு செல்லும் சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டும் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் இருக்க வேண்டும். ஏடிபி இல்லாமல் அந்த பம்ப் நிற்கிறது. சோடியம் உள்ளே பாய்கிறது, தண்ணீரும் கூடவே நுழைகிறது, செல் வீங்குகிறது.

அடுத்து நடப்பதுதான் விபரீதம். செல்லின் மின்னழுத்தம் குலைந்ததும் அதனுள் இருந்த குளுட்டமேட் வெளியே கொட்டுகிறது. குளுட்டமேட் என்பது மூளை செல்கள் ஒன்றையொன்று தூண்டிவிடப் பயன்படுத்தும் வேதிப்பொருள். வழக்கமாகத் துளித்துளியாக வரவேண்டியது இப்போது வெள்ளமாக வருகிறது. அது பக்கத்துச் செல்லின் என்எம்டிஏ ஏற்பியில் போய் ஒட்டுகிறது. குளுட்டமேட் பட்டால் திறந்து கால்சியத்தை உள்ளே விடும் வாசல் இது. அளவுக்கு மீறிய கால்சியம் உள்ளே புகுந்ததும், செல் தன் சொந்த புரதங்களையும் சவ்வையும் அரிக்கும் நொதிகளை இயக்கிவிடுகிறது. அதிகத் தூண்டுதலே நஞ்சாகிவிடுகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஓல்னி 1969இலேயே எடுத்துக் காட்டினார்.

இன்னொரு விஷயம். ரத்தம் திரும்ப ஓட ஆரம்பித்ததும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. 1982இல் ஜப்பானின் கிரினோ, ஜெர்பில் என்ற சிறு கொறிவிலங்குகளின் மூளைக்குப் போகும் ரத்தத்தை 5 நிமிடம் மட்டும் நிறுத்திப் பார்த்தார். நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியின் செல்கள் முதல் நாள் நன்றாகத்தான் தெரிந்தன. அடுத்த சில நாட்களில் அவை மடிந்தன. "இதயம் திரும்பத் துடிச்சிடுச்சு, அப்புறமும் ஏன் மூளை மோசமாகுது?" என்று உறவினர்கள் கேட்பதற்கு இந்தத் தாமத மரணமும் ஒரு பதில்.

சுருக்கமாக: ஆற்றல் தீர்கிறது, பம்ப் நிற்கிறது, குளுட்டமேட் வெள்ளமாகிறது, கால்சியம் புகுகிறது, சில செல்கள் உடனேயும் சில செல்கள் நாட்கள் கழித்தும் சாகின்றன.

மருந்துகள் எங்கே கை வைக்கின்றன

ஊசி வழியே தரும் தயோபென்டோன், ப்ரோபோஃபால், முகமூடி வழியே தரும் ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் எல்லாம் பெரும்பாலும் காபா என்ற அடக்கும் சமிக்ஞையை வலுப்படுத்துகின்றன. செல்கள் அமைதியாகின்றன, செலவு குறைகிறது. கீட்டமின், நைட்ரஸ் ஆக்சைடு, செனான் ஆகியவை வேறு வழியில் போகின்றன. இவை முன்னால் சொன்ன என்எம்டிஏ வாசலையே அடைக்கின்றன.

தயோபென்டோன் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் மூளையின் ஆக்சிஜன் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். இஇஜி நேர்கோடாகும் வரைதான் இந்த இறக்கம். அதற்கு மேல் எவ்வளவு மருந்து ஏற்றினாலும் செலவு குறையாது, ரத்த அழுத்தம்தான் விழும். குளிர் அப்படி இல்லை. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் மூளையின் செலவு சுமார் 6, 7 சதவீதம் குறைகிறது. அதில் பராமரிப்புச் செலவும் அடக்கம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தநாளமான மகாதமனியின் வளைவில் அறுவை செய்யும்போது நோயாளியை 20 டிகிரி அல்லது அதற்கும் கீழே குளிர்வித்து, ரத்த ஓட்டத்தையே சிறிது நேரம் நிறுத்தி வேலை செய்ய முடிவது இதனால்தான். அந்த இடத்தில் மருந்து துணைக்கு வருவது, பெரும்பாரத்தைத் தாங்குவது குளிர்.

காகிதத்தில் பார்த்தால் மயக்க மருந்துகள் செலவையும் குறைக்கின்றன, குளுட்டமேட்டையும் தடுக்கின்றன. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் 1970களில் பலரும் நினைத்தார்கள்.

1986: பெரிய ஏமாற்றம்

பிட்ஸ்பர்க்கில் பீட்டர் சாஃபர் என்ற மயக்கவியல் மருத்துவர் இருந்தார். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறையை உலகுக்கு நிரூபித்துக் காட்டியவர்களில் ஒருவர். இதயத்தைத் திரும்ப ஓடவைத்தால் போதாது, மூளையையும் மீட்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வற்புறுத்தினார். 1978இல் அவருடைய குழு, மூளைக்கு 16 நிமிடம் ரத்தம் நிறுத்தப்பட்ட குரங்குகளுக்கு, அதன் பிறகு தயோபென்டோன் கொடுத்தபோது அவை வியக்கத்தக்க அளவுக்குத் தேறியதாக அறிவித்தது.

அடுத்து மனிதர்கள். இதயம் நின்று, திரும்ப ஓடி, இன்னும் நினைவு வராத 262 பேரிடம் சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு அதிக அளவு தயோபென்டோன், மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 1986இல் முடிவு வந்தது. குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை.

ஏன்? இங்கேதான் இன்வெர்ட்டர் கணக்கு உதவுகிறது. இதயம் நின்ற 20 நொடிக்குள் மூளையின் சமிக்ஞைகள் தானாகவே நின்றுவிட்டன. மிச்சம் பிடிக்க வேண்டிய அந்த 60 சதவீதச் செலவு ஏற்கெனவே பூஜ்யம். பல நிமிடம் கழித்து வரும் மருந்துக்கு அணைப்பதற்கு எதுவும் இல்லை. அதற்குள் குளுட்டமேட்டும் கால்சியமும் தங்கள் வேலையை முடித்திருக்கும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ரத்தம் முழுதாக நிற்காமல் குறைவாக ஓடும் இடத்தில், குறைவு வருவதற்கு முன்பே மருந்து உள்ளே இருந்தால், கொஞ்சம் அவகாசம் கிடைக்கலாம். மூளைக்குள் ரத்தநாள வீக்கத்தை அறுவை செய்யும்போது சில நிமிடம் ஒரு நாளத்தைக் கிளிப் போட்டு அடைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் ப்ரோபோஃபாலோ தயோபென்டோனோ கூடுதலாகக் கொடுக்கும் பழக்கம் இந்தத் தர்க்கத்தில்தான் நிற்கிறது.

அப்படியானால் அறுவை அரங்கில் முழு மயக்கம் பெறுபவருக்கு இயல்பாகவே நன்மை இருக்க வேண்டுமே? கழுத்து ரத்தநாள அடைப்பை நீக்கும் அறுவையில் இதைப் பார்த்தார்கள். அங்கேயும் நாளத்தைச் சிறிது நேரம் மூட வேண்டும். 3526 நோயாளிகளில் பாதிப்பேருக்கு முழு மயக்கம், மீதிப்பேருக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து விழித்திருக்க வைத்தார்கள். 2008இல் வெளியான முடிவு: பக்கவாதம், மாரடைப்பு, மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் முழு மயக்கத்தில் 4.8 சதவீதம், விழித்திருந்தவர்களில் 4.5 சதவீதம். இரண்டும் ஒன்றுதான்.

எலி ஏன் நம்மை ஏமாற்றியது

ஆய்வுக்கூடத்தில் மட்டும் மருந்துகள் ஏன் தொடர்ந்து ஜெயித்தன? எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் பதில் 2000இல் வந்த ஒரு எலி ஆய்வில் இருக்கிறது. மூளை ரத்தநாளத்தை அடைக்கும் நேரத்தில் ஐசோஃப்ளூரேன் பெற்ற எலிகளுக்கு 2 நாள் கழித்துப் பார்த்தபோது சேதம் குறைவாக இருந்தது. வழக்கமாக அந்த இடத்தில் ஆய்வை முடித்து "பாதுகாப்பு" என்று எழுதிவிடுவார்கள். இவர்கள் 14 நாள் வரை காத்திருந்தார்கள். சேதம் மருந்து பெறாத எலிகளின் அளவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மருந்து செல்களின் மரணத்தைத் தள்ளிப்போட்டது, தடுக்கவில்லை.

"இந்த மருந்து மூளையைக் காக்கிறது" என்று ஒரு செய்தி படித்தால் முதலில் கேட்க வேண்டியது: எத்தனை நாள் கழித்துப் பார்த்தார்கள்? மருந்தை எப்போது கொடுத்தார்கள், அடைப்புக்கு முன்பா, பின்பா? பக்கவாதம் வரப்போகிறது என்று எந்த மனிதருக்கும் ஒரு மணி நேரம் முன்னால் தெரியாது. 2006இல் ஒரு குழு கணக்கெடுத்தபோது, பக்கவாதத்துக்காக ஆய்வுக்கூடத்தில் முயன்று பார்க்கப்பட்ட சிகிச்சைகள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன.

சுருக்கமாக: பற்றாக்குறைக்கு முன்னால் கொடுத்தால் மயக்க மருந்து சில நிமிட அவகாசம் தரக்கூடும். பற்றாக்குறை முடிந்தபின் கொடுத்து மூளையை மீட்கலாம் என்பதற்கு மனிதர்களிடம் ஆதாரம் இல்லை.

இதயத்தில் ஒரு வேறு கதை

1986இலேயே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆச்சரியம் நடந்தது. நாய்களின் இதய ரத்தநாளத்தை 5 நிமிடம் அடைத்து, 5 நிமிடம் திறந்து, இப்படி நான்கு முறை செய்தார்கள். அதன் பிறகு 40 நிமிடம் அடைத்தால், முன்பயிற்சி இல்லாத நாய்களில் ஏற்பட்ட சேதத்தில் கால் பங்குதான் ஏற்பட்டது. சிறு பற்றாக்குறைகளைச் சந்தித்த செல், பெரிய பற்றாக்குறைக்குத் தயாராகிவிடுகிறது. இதை முன்பயிற்சிக் காப்பு என்று சொல்லலாம்.

1990களில் தெரிந்தது, ஐசோஃப்ளூரேனைச் சுவாசிக்கச் செய்தாலும் அதே காப்பு விலங்குகளில் கிடைக்கிறது. எலிகளில் மார்ஃபினும் இதைச் செய்தது. வலி நிவாரணி வலியோடு சம்பந்தமே இல்லாத ஒரு வழியில், இதய செல்லின் பொட்டாசிய வாசல்கள் மூலமாக வேலை செய்வது உண்மையிலேயே அழகான கண்டுபிடிப்பு.

நோயாளிக்கு அது என்ன தந்தது? பைபாஸ் அறுவைக்கு வந்த 5400 பேரில் ஒரு பாதிக்கு முகர் மயக்க மருந்து, மறு பாதிக்கு ஊசி வழி மருந்து மட்டும். 2019இல் முடிவு: ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 2.8 சதவீதம், 3.0 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மாரடைப்பில் மார்ஃபின் கொடுத்தால் குடலின் வேகம் குறைந்து, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகள் உடலில் சேர்வது தாமதமாகிறது என்றும் தெரிய வந்தது. நெஞ்சு வலி தாங்க முடியாதவருக்கு மார்ஃபின் கொடுப்பது சரியே. இதயத்தைக் காக்கும் என்று கொடுக்க இன்றைக்கு ஆதாரம் இல்லை.

செனான்

காற்றில் கோடிக்கு ஒன்று என்ற அளவுகூட இல்லாத இந்த வாயு ஒரு மயக்க மருந்து. விலை மிக அதிகம். என்எம்டிஏ வாசலை அடைக்கும், ரத்த அழுத்தத்தைப் பெரிதாகக் குறைக்காது. ஃபின்லாந்தில் இதயம் நின்று மீண்ட 110 பேரில் குளிர்வித்தலோடு செனான் பெற்றவர்களுக்கு மூளையின் வெண்பகுதிச் சேதம் ஸ்கேனில் குறைவாகத் தெரிந்தது (2016). உயிர் பிழைத்தவர் எண்ணிக்கையில் உறுதியான வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு பிரிட்டனில், பிரசவத்தில் மூச்சுத் திணறிய 92 பச்சிளம் குழந்தைகளிடம் செய்த சோதனையில் பலன் தெரியவில்லை. அங்கே செனான் தொடங்கவே பிறந்து சுமார் 10 மணி நேரம் ஆகியிருந்தது. செனானுக்கான கதவு இன்னும் முழுக்க மூடவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

காக்கும் என்று பேசப்படும் மருந்தே மூச்சை நிறுத்தும்போது

இந்தப் பகுதிக்காகவே இதை எழுத விரும்பினேன். மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், கோடீன் போன்றவை ஓபியாய்டு வகை வலி நிவாரணிகள். "வலி நிவாரணி செல்லைக் காக்கிறது" என்ற செய்தியை அரைகுறையாகப் படிப்பவர் மறந்துவிடக்கூடாத விஷயம், இந்த வகை மருந்தே ஆக்சிஜன் பற்றாக்குறையை உண்டாக்கும் என்பதுதான்.

மூச்சு விடும்படி நம்மைத் தள்ளுவது, ரத்தத்தில் ஏறும் கார்பன் டை ஆக்சைடு. மூளைத்தண்டு அதைக் கவனித்து மூச்சைக் கூட்டுகிறது. ஓபியாய்டு அந்தக் கவனத்தை மழுங்கடிக்கிறது. மூச்சு மெதுவாகிறது, ஆழம் குறைகிறது, அந்த நபருக்கோ திணறல் எதுவும் தெரிவதில்லை. அமைதியாகத் தூங்குவது போலவே இருக்கும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. குறட்டையோடு மூச்சு விட்டுவிட்டு நிற்கும் தூக்கக் கோளாறு உள்ளவர்களுக்கும் அப்படியே.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை கோவிட் காலத்தில் எல்லோரும் பழகிவிட்டோம். அதற்கு ஒரு எல்லை உண்டு. மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தால், மூச்சு ஆபத்தான அளவுக்குக் குறைந்த பிறகும் எண் கொஞ்ச நேரம் நன்றாகவே காட்டும். அதனால் அறுவை முடிந்து ஓபியாய்டு ஊசி போட்டவரின் அருகில் இருப்பவர், எண்ணோடு மூச்சையும் எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 8க்குக் கீழே போனாலோ, தட்டி எழுப்பினாலும் கண் திறக்காவிட்டாலோ உடனே நர்சைக் கூப்பிட வேண்டும். நலாக்சோன் என்ற எதிர்மருந்து நிமிடங்களில் வேலை செய்யும். ஆனால் அதன் பலன் ஓபியாய்டுக்கு முன்பே தீர்ந்துவிடலாம், திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சிலருடைய கல்லீரல் கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். டான்சில் அறுவைக்குப் பிறகு வழக்கமான அளவு கோடீன் கொடுத்தே குழந்தைகள் இறந்ததால் 2013இல் அமெரிக்க மருந்துத் துறை கடுமையான எச்சரிக்கை விடுத்தது. 2017இல் 12 வயதுக்குக் கீழே டிரமடாலையும் கூடாது என்றது. பெரியவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

பாராசிட்டமால் இந்த வகையைச் சேர்ந்ததல்ல, மூச்சை அடக்காது. காய்ச்சல் ஏறினால் மூளையின் செலவும் ஏறும் என்பதால் பக்கவாதத்தில் காய்ச்சலைக் குறைக்க அதைக் கொடுப்பார்கள். அதற்கு மேல் மூளையைக் காக்குமா என்று 1400 பேரிடம் நெதர்லாந்தில் பார்த்தார்கள், ஒட்டுமொத்தமாகப் பலன் நிரூபணமாகவில்லை.

அப்படியானால் ஐசியூவில் ஏன் மயக்கத்தில் வைக்கிறார்கள்?

காரணங்கள் உண்டு, நல்ல காரணங்கள். தொண்டையில் வெண்டிலேட்டர் குழாயோடு விழித்திருப்பது கொடுமை. இருமினால், திமிறினால் மண்டைக்குள் அழுத்தம் ஏறும். வலிப்பு வந்தால் மூளையின் செலவு எகிறும், அதை அடக்க வேண்டும். குளிர்வித்தால் உடல் நடுங்கும், நடுக்கத்தை நிறுத்த வேண்டும். மருந்து இவற்றுக்கெல்லாம் உதவுகிறது. இறந்த செல்லை அது எழுப்பாது. அதனால் உறவினர் கேட்க வேண்டியது "எப்போ எழுப்புவீங்க?" என்பதோடு, "எதுக்காக மயக்கம் கொடுக்கறீங்க, வலிப்புக்கா, அழுத்தத்துக்கா, குழாய்க்கா?" என்பதையும்தான். பதில் வேறானால் எத்தனை நாள் தொடரும் என்பதும் வேறாகும்.

பிரசவத்தில் மூச்சுத் திணறிய குழந்தைகளுக்கு இன்னொரு விஷயம். பணக்கார நாடுகளில், பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் உடலை சுமார் 33.5 டிகிரியில் வைப்பது உயிரையும் மூளையையும் காப்பது நிரூபணமாகியிருக்கிறது. ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், குளிர்வித்த குழந்தைகளில்தான் கூடுதல் பேர் இறந்தார்கள். இங்கே பல குழந்தைகளுக்குச் சேதம் பிரசவ நேரத்துக்கு முன்பே, வேறு விதத்தில் நடந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம். வெளிநாட்டில் பலித்த சிகிச்சை என்று கேள்விப்பட்டு "எங்க குழந்தைக்கு ஏன் செய்யல?" என்று மருத்துவரிடம் கோபப்படும் பெற்றோருக்கு இந்த ஆய்வைப் பற்றித் தெரிந்திருப்பது நல்லது. பிறந்ததும் அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்துக் காற்று கொடுக்கத் தெரிந்த ஒருவர் பிரசவ அறையில் இருப்பதுதான், இன்றைய நிலையில் வேறு எந்த மருந்தையும்விட அந்த மூளைக்குப் பெரிய உதவி.